மாயாற்றங்கரையில் மூன்று நாட்கள்



அரையாண்டுத் தேர்வு முடிந்து மார்கழி விடுமுறை தொடங்கியதும், இருபது மாணவர்களுடன் முதுமலைக் காட்டுக்குச் சென்று மூன்று நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பழைய பள்ளி என்னை மறக்கவில்லை. "வழித்துணையாக வாருங்கள், ஐயா" என்று அழைத்தார்கள். வழித்துணையாகச் சென்ற நானும் அங்கே மாணவனானேன். அம்மூன்று நாட்களில் கண்டவற்றையும், கண்டதனால் எண்ணியவற்றையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதுமலை என்பதற்குப் பழமையான மலை என்பது பொருள். நீலகிரியின் வடக்குச் சரிவில், தமிழ்நாடும் கருநாடகமும் கேரளமும் சந்திக்கும் மூலையில் இக்காடு அமைந்திருக்கிறது. 1940 ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அன்று அதன் பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். பின்னர்ப் பன்முறை விரிவடைந்து 321 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. 2007 ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. இதன் வடக்கு எல்லையாக ஓடுவது மாயாறு. ஆற்றுக்கு அப்பால் கருநாடகத்தின் பந்திப்பூர்க் காடு. மனிதர் வகுத்த எல்லை இஃது. யானைக்கும் புலிக்கும் ஆற்றின் இரு கரையும் ஒன்றே.

நீலகிரியின் உச்சியில் பைக்காரா என்னும் பெயருடன் ஓடும் நீரே கீழிறங்கி மாயாறாகிறது. தெப்பக்காட்டைக் கடந்து, கிழக்கே ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் வீழ்ந்து, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலக்கிறது. பவானி காவிரியோடு கலக்கிறது. ஆகவே, காவிரிச் சமவெளியில் கழனிக்குப் பாயும் நீரில் இக்காட்டில் பெய்த மழையும் ஒரு பகுதியாக உண்டு. காடு வேறு, ஊர் வேறு என்று நினைப்பவர் இந்த ஆற்றின் வழியை நிலப்படத்தில் ஒருமுறை விரலால் தொட்டுச் செல்லட்டும்.

தெப்பக்காட்டில் ஆற்றங்கரையை ஒட்டிய வனத்துறை விடுதியில் தங்கினோம். கூடாரம் அடித்துத் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து பாடலாம் என்று எண்ணி வந்த மாணவர்க்கு முதலில் சிறிது ஏமாற்றம்தான். "இங்கே தீ மூட்டுவதற்கில்லை" என்று வனக்காவலர் கூறிவிட்டார். ஏன் என்பதைக் கண்ணாலேயே கண்டோம். மழை ஓய்ந்துவிட்டது. புல் பழுத்து வைக்கோலின் நிறம் கொண்டிருந்தது. தேக்கும் வெக்காலியும் இலையுதிர்க்கத் தொடங்கியிருந்தன. அடுத்த இரண்டு திங்களில் தரை முழுவதும் சருகாகும். அந்நிலையில் ஒரு தீக்குச்சி போதும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இருட்டில் வாய்மூடி அமர்ந்திருப்பதே எங்கள் முகாமாயிற்று. அதனால் இழந்தது ஒன்றுமில்லை. தீயின் ஒளியும் பாட்டின் ஒலியும் இல்லாததனால்தான், ஆற்றின் அக்கரையில் மூங்கில் முறியும் ஓசையையும் யானை மூச்செறியும் ஓசையையும் கேட்டோம். மைசூர்ச் சாலையில் கருநாடகப் பகுதியில் 2009 முதல் இரவில் வண்டிகள் செல்லத் தடை உண்டு. எனவே இரவு ஒன்பது மணிக்குமேல் காடு முழுவதும் விலங்குகளுக்கே உரியதாகிறது.

குளிர்காலம் காடு காண்பதற்கு ஏற்ற காலம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் காடெங்கும் நீர் தேங்கியிருக்கும். புல் ஆளுயரம் வளர்ந்திருக்கும். விலங்குகள் எங்கும் பரவி மறைந்திருக்கும். பனிக்காலம் வந்ததும் சிறு குட்டைகள் வற்றத் தொடங்கும். இலை உதிர்வதால் பார்வை தொலைதூரம் செல்லும். விலங்குகளும் வற்றாத ஆற்றை நோக்கி வரத் தொடங்கும். அன்றியும், வடக்கே குளிர் மிகுந்து உணவு குறைவதால் பல பறவைகள் தெற்கே வந்து தங்கும் காலமும் இதுவே.

முதல் நாள் விடியலில் எங்களை எழுப்பியது அவ்வாறு வந்த விருந்தாளி ஒன்றேயாகும். விடுதியின் பின்புறப் புதரிலிருந்து இரண்டு சுரங்களில் ஒரு சீழ்க்கை ஒலித்தது. பறவையைக் காணோம்; குரல் மட்டும் கேட்டது. அதுவே ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணி அளவிலும் மாலை ஆறு மணி அளவிலும் குரல் கொடுப்பதால் நம் முன்னோர் இட்ட பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை நம் தென்னாட்டில் கழிக்கும் சிறு பறவை இது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என அத்தனை நிறங்களையும் உடலில் தாங்கி, உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சி தேடும். ஆற்றுப் பாறையின்மேல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்த சாம்பல் வாலாட்டியும் இமயத்தைக் கடந்து வந்ததே. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இவ்வுயிர்கள் நிலப்படமும் திசைகாட்டியும் இன்றி ஆண்டுதோறும் வந்து திரும்புகின்றன.

காடு காண்பதற்குக் கண்ணைவிடக் காது முதன்மையானது என்பதை இரண்டாம் பாடமாகக் கற்றோம். ஆற்றோரத்து நாவல் மரத்தில் சாம்பல் மந்திகள் இலை தின்றுகொண்டிருந்தன. மரத்தடியில் புள்ளிமான்கள் சில மேய்ந்தன. மந்திகள் பாதி தின்று எறியும் தளிரும் காயும் மான்களுக்கு உணவாகின்றன. அது மட்டுமன்று, மரத்தின் மேலிருந்து தொலைவில் நோக்குவது மந்தியின் கண், தரையில் மோப்பம் பிடிப்பது மானின் மூக்கு. இரண்டும் சேர்ந்தால் புலியோ செந்நாயோ நெருங்குவது அரிது. திடீரென ஒரு மந்தி இருமுவதுபோல் குரல் கொடுத்தது. மான்கள் அனைத்தும் தலை நிமிர்ந்து ஒரே திசையை நோக்கின. ஒரு மான் முன்காலால் தரையைத் தட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், எதுவும் வெளிவரவில்லை. "வந்தது வந்த வழியே போய்விட்டது, ஐயா" என்றார் எங்களுடன் இருந்த பழங்குடிக் காவலர். புலியைக் காணவில்லை என்று சில மாணவர் வருந்தினர். புலியைக் கண்டவர்களின் முகத்தைக் கண்டோம், அது போதாதா என்றேன்.

ஆற்றில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் பிடித்தது. யானை முகாமில் பாகர்கள் யானைகளுக்கு ராகியும் கொள்ளும் வேகவைத்து உருட்டிக் கவளம் கொடுப்பதைப் பார்த்தோம். இவையெல்லாம் நீங்கள் படங்களிலும் கண்டிருப்பீர்கள். ஆதலின் நீங்கள் அவ்வளவாகக் கேள்விப்படாத ஒன்றைப் பற்றியே எஞ்சிய நேரத்தில் பேச விரும்புகிறேன்.

இரண்டாம் நாள் வனத்துறையின் வண்டியில் கிழக்கே சென்றோம். மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. தேக்கு மறைந்து முட்செடி மிகுகிறது. வறண்ட அந்நிலத்தின் நடுவே ஆற்றங்கரை மட்டும் பசிய கோடாகத் தெரிகிறது. அக்கோட்டில் வானளாவ நிற்பவை வெண்பட்டை கொண்ட நீர்மருத மரங்கள். காவலர் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, தொலைநோக்கியை ஒரு மரத்தின் உச்சிக்குத் திருப்பி, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். சுள்ளிகளால் ஆன பெரிய கூடு. அதன்மேல் அசையாமல் அமர்ந்திருந்த கரிய பறவை. மயிரற்ற நீண்ட கழுத்து. முட்டையை அடைகாக்கிறது என்றார். அருகே செல்ல எவருக்கும் அனுமதியில்லை.

"இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? பிணம் தின்னும் பறவை தானே, ஐயா!" என்று ஒரு மாணவன் மெல்லக் கேட்டான். நல்ல வினா. விடை கூறுகிறேன்.

அது வெண்முதுகுப் பாறு. பாறு என்பதும் எருவை என்பதும் நம் பழந்தமிழ்ச் சொற்கள். கழுகு என்று பொதுவாகக் கூறுகிறோம், ஆனால் பாம்பையும் முயலையும் வேட்டையாடும் கழுகு வேறு, பாறு வேறு. பாறு உயிரைக் கொல்வதில்லை, இறந்ததையே உண்ணும். அதன் கால்விரல்கள் இரையைப் பற்றித் தூக்கும் வன்மையற்றவை. தலையும் கழுத்தும் மயிரின்றி இருப்பது அழகின்மை அன்று. உடலுக்குள் தலை நுழைத்து உண்ணும்போது குருதியும் அழுக்கும் ஒட்டாதிருப்பதற்கு உதவும் அமைப்பு. அதன் வயிற்றில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. பிற விலங்குகளுக்கு நோய் தரும் கிருமிகள் பலவும் அங்கே அழிகின்றன. விரித்த இறக்கையின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். அவ்வளவு பெரிய இறக்கையை அடித்துப் பறப்பது களைப்பைத் தரும். ஆதலால் அது காலையில் பொறுமையாகக் காத்திருக்கிறது. வெயில் ஏறித் தரை சூடேறினால் காற்றும் சூடேறி மேலெழும். அக்காற்றின்மேல் இறக்கையை விரித்து, அடிக்காமலேயே வட்டமிட்டு மேலே செல்கிறது. ஒன்பது மணியளவில் எங்கள் கண்முன்னரே நான்கு பறவைகள் அவ்வாறு எழுந்து, புள்ளிகளாகி மறைந்தன. ஒரு பறவை உணவைக் கண்டு கீழிறங்கினால், தொலைவில் வட்டமிடும் மற்றொன்று அதைக் கண்டு வரும்; அதைக் கண்டு இன்னொன்று வரும். இவ்வாறு சிறிது நேரத்தில் பெருங்கூட்டம் கூடிவிடும்.

என் இளமைக் காலத்தில் இப்பறவையைக் காண எவரும் காட்டுக்குச் செல்லவில்லை. சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துச் சென்றார். உச்சி வேளையில் குன்றின்மேல் குருக்கள் சருக்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருக்க, வெள்ளை நிறப் பறவைகள் இரண்டு வந்து உண்டு சென்றதைக் கண்டேன். அவை மஞ்சள்முகப் பாறுகள் என்று பிற்காலத்தில் அறிந்தேன். 1990களின் பிற்பகுதிக்குப் பின் அங்கே அவை வருவது நின்றுவிட்டது. ஊரின் பெயரில் மட்டும் கழுகு எஞ்சி நிற்கிறது.

அது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. 1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன என்று மதிப்பிடுகின்றனர். 1990களில் அவை மாயமாய் மறையலாயின. இராசத்தானத்தில் பரத்பூர்ப் பறவைப் புகலிடத்தில் இவ்வீழ்ச்சியைக் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தவர் விபு பிரகாஷ் என்னும் அறிஞர். 1992 ஆம் ஆண்டுக்கும் 2007 ஆம் ஆண்டுக்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. எவரும் வேட்டையாடவில்லை, உணவுக்கும் பஞ்சமில்லை. ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் எண்ணினர்.

உண்மை 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாகிசுதானில் இறந்த பாறுகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், அவற்றின் உள்ளுறுப்புகளின்மேல் வெண்ணிறப் படிவம் படிந்திருப்பதைக் கண்டனர். சிறுநீரகம் பழுதுற்றதால் வெளியேற முடியாத யூரிக் அமிலமே அவ்வாறு படிந்தது. பழுதுக்குக் காரணம் டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து. வீக்கத்துக்கும் வலிக்கும் மனிதர்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். விலை மலிவு ஆதலின் 1990களில் ஆடுமாடுகளுக்கும் பரவலாகக் கொடுக்கப்பட்டது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால், மருந்து அதன் உடலில் எஞ்சியிருக்கும். அதை உண்ட பாறு சில நாட்களில் மடியும்.

எல்லா மாடுகளுக்குமா அம்மருந்து கொடுத்தார்கள், இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். இறந்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சிருந்தாலே இவ்வழிவு நேரும் என்று கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். எவ்வாறெனில், ஒரு மாட்டைப் பல பறவைகள் கூடி உண்கின்றன. ஆண்டு முழுவதும் அவை நூற்றுக்கணக்கான முறை உண்கின்றன. அவற்றுள் ஒரு முறை நஞ்சு கலந்திருந்தால் போதும். இறப்பு இவ்வாறு கூட்டமாக நேர, பிறப்போ மிக மெதுவானது. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். அம்முட்டை பொரிந்து குஞ்சு பறக்கத் திங்கள் பல ஆகும். அக்குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். வரவு ஒரு துளி, செலவு ஒரு குடம் என்றால் எந்தப் பானைதான் நிறைந்திருக்கும்?

இங்கே என் சொந்தக் கதை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த சில நாட்களில், எங்கள் வீட்டுப் பசு நோயுற்றது. கால்கள் வீங்கி எழமுடியாமல் கிடந்தது. மருத்துவம் பார்க்க வந்தவரிடம், "எதையாவது போட்டு வலியைத் தணியுங்கள்" என்று நானே வேண்டினேன். இரண்டு நாளும் ஊசி போட்டார். மூன்றாம் நாள் பசு இறந்தது. ஊர் வழக்கப்படி மேட்டுக்காட்டின் ஓரத்தில் இழுத்துப் போட்டோம். பாறுகள் ஆறேழு வந்து இறங்கின. நான்கு நாட்கள் சென்று அவ்வழியே போனபோது, ஒற்றைப் பனையின் மட்டையில் இரண்டு பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தன. பனியில் ஒடுங்கியிருக்கின்றன என்று எண்ணிச் சென்றுவிட்டேன். அதன்பின் எங்கள் ஊரில் நான் பாறுகளைக் கண்டதில்லை.

அவை எங்கள் பசுவை உண்டே மடிந்தன என்று என்னால் சான்று காட்ட இயலாது. அந்த ஊசியில் இருந்தது இன்ன மருந்து என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், நான் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயது ஆசிரியன். வகுப்பில் நாள்தோறும் "ஏன் என்று கேள்" என்று சொல்பவன். என் வீட்டுத் தொழுவத்தில் மருந்தின் பெயரைக் கேட்கவில்லை. கழுத்தைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பது நோயுற்ற பாறுகளிடம் காணப்பட்ட அடையாளம் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோது, அந்தப் பனைமரம் என் கண்முன் வந்து நின்றது. இன்றும் நிற்கிறது.

பாறுகள் மறைந்தால் பிணங்கள் மறைவதில்லை. நாய்களும் எலிகளும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. நாய்கள் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். பாறு ஊதியமின்றித் துப்புரவு செய்த தொழிலாளி. அத்தொழிலாளியை இழந்த பின்னரே வேலையின் அளவு நமக்குத் தெரிந்தது.

ஆயினும் இது நம்பிக்கையற்ற கதையன்று. 2006 ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்தது. மனிதர்க்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க, 2015 ஆம் ஆண்டில் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்னும் வேறிரு மருந்துகளும் 2023 ஆம் ஆண்டில் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. மாட்டின் வலியையும் தணித்து, பாறுக்கும் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மருந்து இருக்கிறது. எனவே, மாட்டையா பறவையையா காப்பது என்ற இக்கட்டே நமக்கு இல்லை. இரண்டையும் காக்கலாம்.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழும் முதன்மையான இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கே. காட்டு விலங்கு இறந்தால், அதன் உடலில் மருந்து இருக்காது. ஆற்றங்கரையில் உயர்ந்த மருத மரங்கள் இன்னும் நிற்கின்றன. இவ்விரண்டும் அவற்றைக் காத்துள்ளன. ஆனால் காட்டை ஒட்டிய சிற்றூர்களின் மாடுகளும் அக்காட்டில்தான் மேய்கின்றன. புலி அடித்த மாட்டின்மேல் சினங்கொண்டு எவரேனும் நஞ்சு தடவினால், புலியோடு பாறுகளும் மடியும். ஆதலின் இப்பறவைகளின் வாழ்வு காட்டுக்குள் மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. நம் தொழுவத்திலும் மருந்துக் கடையிலும் முடிவு செய்யப்படுகிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மாடு இருக்கலாம். அதற்கு மருந்து கொடுக்கும்போது அருகே நின்று, "ஐயா, இந்த மருந்தின் பெயர் என்ன?" என்று பணிவுடன் கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு முதிர்ந்த அறிவு வேண்டுவதில்லை. சிறிது துணிவே வேண்டும். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யலாம்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் புறப்படுவதற்கு முன், முதலில் வினவிய அதே மாணவன் என்னிடம் வந்து, "அந்த முட்டை எப்போது பொரியும், ஐயா?" என்று கேட்டான். தை பிறந்த பின் பொரியலாம் என்றேன். "அப்படியானால் நமக்குப் பள்ளி திறந்துவிடுமே" என்று வருந்தினான். ஊருக்குத் திரும்பியவுடன், தங்கள் தெருவில் மாடு வைத்திருப்போர் பட்டியல் ஒன்றை அவன் எழுதத் தொடங்கியதாகப் பின்னர் அறிந்தேன். அந்தக் குளிர்கால முகாமினால் விளைந்த பயன் என்ன என்று எவரேனும் கேட்டால், அப்பட்டியலையே காட்டுவேன்.